பீரங்கிக் கணக்கு தெரிந்த தளபதி: அஸ்லான் மஸ்காதோவ்



சேகுவேரா படம் போட்ட டி-ஷர்ட்டை நீங்க எத்தனையோ தடவை பார்த்திருப்பீங்க. அஸ்லான் மஸ்காதோவ் படம் போட்ட டி-ஷர்ட்டை ஒரு தடவை கூடப் பார்த்திருக்க மாட்டீங்க. நரைத்த தாடி, கொஞ்சம் பெரிய காதுகள், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி அமைதியான முகம். கூட்டத்தில் நின்றால் தளபதின்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா, உலகின் மிகப் பெரிய படைகளில் ஒன்றைப் பேச்சுவார்த்தை மேசைக்கு இழுத்து வந்தவர் இவர். அதன் பிறகு வாக்குப்பெட்டி மூலம் ஜனாதிபதியும் ஆனார்.

அப்புறம் என்ன ஆச்சு? போரில் ஜெயித்த அதே மனிதர், அமைதிக்காலத்தில் இரண்டரை வருஷத்துக்குள் எல்லாவற்றையும் இழந்தார். அது எப்படி நடந்ததுன்னு கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சரக்கு ரயிலில் போன மக்கள்

முதலில் மேப்பைத் திறந்து கருங்கடலையும் காஸ்பியன் கடலையும் கண்டுபிடிங்க. இரண்டுக்கும் நடுவில் சுவர் மாதிரி நிற்பது காக்கஸஸ் மலைத்தொடர். அதன் வடக்குச் சரிவில், ரஷ்யாவின் தெற்கு ஓரத்தில் ஒரு சின்னப் பகுதிதான் செச்னியா. தலைநகரம் கிரோஸ்னி. அங்கே வாழும் செச்சென்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். ரஷ்யப் பேரரசு 19ஆம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் போரிட்டுத்தான் இந்த மலைகளைப் பிடித்தது.

1944 பிப்ரவரி 23. இரண்டாம் உலகப்போர் இன்னும் முடியவில்லை. ஜெர்மானியர்களுக்கு உதவினார்கள் என்று ஒட்டுமொத்த மக்கள் மேலும் பழி போட்டு, செச்சென்களையும் அவர்களுடைய அண்டை இனமான இங்குஷ்களையும் ஸ்டாலின் அரசு சரக்கு ரயிலில் ஏற்றியது. கிழவர், குழந்தை என்று யாரையும் விடவில்லை. சுமார் 5 லட்சம் பேர் சில நாட்களிலேயே மத்திய ஆசியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் குளிர், பசி, நோய் என்று நாலில் ஒரு பங்கு பேர் வரை இறந்ததாக மதிப்பீடு.

அப்படிப் போய்ச் சேர்ந்த ஒரு குடும்பத்தில், கஜகஸ்தானில், 1951 செப்டம்பர் 21 அன்று பிறந்தவர்தான் மஸ்காதோவ். சொந்த ஊரைக் கண்ணால் பார்க்காமலே பிறந்த தலைமுறை. ஸ்டாலின் இறந்த பிறகு, 1957இல்தான் ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது. அப்போது அவருக்கு ஆறு வயசு கூட நிரம்பவில்லை.

இந்தப் பையன் பெரியவனாகி எந்த வேலைக்குப் போனார் தெரியுமா? தன் மக்களை நாடு கடத்திய அதே சோவியத் அரசின் ராணுவத்துக்கு!

பீரங்கிக்காரர்

1972இல் திபிலிசியில் இருந்த பீரங்கிப்படை அதிகாரிகள் கல்லூரியில் படிப்பு முடித்தார். சோவியத் யூனியனின் தூரக் கிழக்கில் வேலை பார்த்தார். 1981இல் லெனின்கிராட் பீரங்கிப்படை அகாடமியில் மேற்படிப்பு. பிறகு ஹங்கேரி. 1986இலிருந்து லிதுவேனியாவின் வில்னியஸ் நகரம். ரெஜிமென்ட் கமாண்டர், கர்னல் என்று படிப்படியாக மேலே வந்தார்.

நம்ம ஆட்களுக்கு இந்த இடம் பிடிக்கும், கொஞ்சம் கவனிங்க. பீரங்கிப்படை என்பது ராணுவத்தின் கணக்குப் பிரிவு. நீண்ட தூரம் சுடும் பீரங்கிக்காரர் இலக்கைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. எங்கோ முன்னால் இருக்கும் ஒருவர் ரேடியோவில் இடத்தைச் சொல்வார். தூரம், உயர வித்தியாசம், காற்றின் வேகம், காற்றின் வெப்பநிலை, வெடிமருந்தின் சூடு, குழாய் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதையெல்லாம் கணக்கில் எடுத்துக் குழாயின் கோணத்தை வைக்க வேண்டும். முதல் குண்டு எங்கே விழுந்தது என்று பார்த்து, திருத்தி, அடுத்ததைச் சுட வேண்டும். புரொஜெக்டைல் மோஷன் சமன்பாட்டில் நாம காற்றுத்தடையைத் தூக்கிப் போட்டுவிட்டு மார்க் வாங்குவோம். அவர் அதைத் தூக்கிப் போட்டால் குண்டு தன் ஆள் மேலேயே விழும். பொறுமையும் ஒழுங்கும் தொழிலிலேயே ஊறிப்போன மனிதர் அவர். இதை மனசில் வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

1991 ஜனவரியில் வில்னியஸில் சோவியத் படை டிவி கோபுரத்தைக் கைப்பற்றியது. சுதந்திரம் கேட்டு நின்ற பொதுமக்களில் 14 பேர் உயிரிழந்தார்கள். அந்த நகரத்துப் படையில் பீரங்கிப் பிரிவின் மூத்த அதிகாரியாக அப்போது மஸ்காதோவ் இருந்தார். அதே வருஷக் கடைசியில் சோவியத் யூனியனே இல்லாமல் போனது. 1992இல் ராணுவத்தை விட்டு விலகி ஊருக்குப் போனார்.

ஊரில் நிலைமை வேறாக இருந்தது. ஜோகர் துதாயெவ் என்ற இன்னொரு செச்சென் ராணுவக்காரர், அணுகுண்டு வீசும் விமானப் பிரிவின் தளபதியாக எஸ்டோனியாவில் இருந்தவர், ஊர் திரும்பி வந்து 1991இலேயே செச்னியாவின் சுதந்திரத்தை அறிவித்திருந்தார். ரஷ்யா ஏற்கவில்லை. துதாயெவ் பேச்சாளர், ஆவேசக்காரர். தொப்பியும் மீசையுமாகக் கேமரா முன்னால் நிற்பவர். அவருக்குப் பின்னால் அமைதியாகக் கணக்குப் போட ஓர் ஆள் தேவைப்பட்டது. 1994இல் மஸ்காதோவ் படைத் தலைமை அதிகாரி ஆனார்.

புத்தாண்டு இரவு

1994 டிசம்பர் 11 அன்று ரஷ்யப் படைகள் செச்னியாவுக்குள் நுழைந்தன. ஒரே ஒரு பாராசூட் ரெஜிமென்ட் இருந்தால் இரண்டு மணி நேரத்தில் வேலையை முடித்துவிடலாம் என்று ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சர் கிராச்சோவ் பேசியிருந்தார். டிசம்பர் 31 அன்று டேங்குகள் வரிசை கட்டிக் கிரோஸ்னிக்குள் போயின.

பாதி பயிற்சி முடித்த பையன்கள். சரியான மேப் கிடையாது. ஒரு பிரிவுக்கும் அடுத்த பிரிவுக்கும் தொடர்பு கிடையாது. மைகோப் நகரத்திலிருந்து வந்த 131ஆவது படைப்பிரிவு பெரிய எதிர்ப்பு இல்லாமல் ரயில் நிலையம் வரை போய்விட்டது. அப்புறம்தான் கதவு சாத்தப்பட்டது.

ஜனாதிபதி மாளிகையின் அடித்தளத்தில் உட்கார்ந்து எதிர்த்தாக்குதலை நடத்தியவர் மஸ்காதோவ். அவரிடம் பெரிய படை இல்லை. மூணு நாலு பேர் கொண்ட சின்னச் சின்னக் குழுக்கள் இருந்தன. ஒருவர் கையில் ராக்கெட் லாஞ்சர், ஒருவர் மெஷின் கன், ஒருவர் தொலைவிலிருந்து குறி பார்ப்பவர். தெருவுக்குள் நுழைந்த வரிசையின் முதல் வண்டியையும் கடைசி வண்டியையும் முதலில் அடிப்பார்கள். நடுவில் இருப்பவை நகர முடியாது. டேங்கின் குழாயை ஓர் அளவுக்கு மேல் உயர்த்தவும் முடியாது, தாழ்த்தவும் முடியாது. அதனால் மாடியிலும் நிலவறையிலும் இருப்பவர்களை அதனால் தொட முடியவில்லை. ரஷ்யர்கள் ரேடியோவில் சங்கேதமே இல்லாமல் பேசினார்கள். செச்சென்கள் எல்லாருக்கும் ரஷ்ய மொழி தெரியும், உட்கார்ந்து கேட்டார்கள். அந்த 131ஆவது பிரிவின் 26 டேங்குகளில் 20 அழிந்தன என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதன் தளபதியும் இறந்தார்.

இதை வெற்றிக் கதையாக மட்டும் படிச்சிடாதீங்க. அதற்குப் பிறகு ரஷ்யா விமானத்தாலும் பீரங்கியாலும் நகரத்தையே தரைமட்டமாக்கியது. அதில் இறந்த பொதுமக்கள் ஆயிரக்கணக்கில். ஊருக்குப் போக்கிடம் இல்லாத வயசான ரஷ்யர்களும் அதில் நிறைய. 1995 ஜனவரி 19 அன்று மாளிகை வீழ்ந்தது. அதற்குள் மஸ்காதோவ் தன் ஆட்களோடு சுன்ஜா ஆற்றைத் தாண்டிப் போயிருந்தார்.

எதிரியோடு பேசத் தெரிந்தவர்

1995 ஜூனில் செச்சென் தளபதி ஷமில் பசாயெவ், ரஷ்யாவுக்குள் புதியோன்னோவ்ஸ்க் நகரத்து மருத்துவமனையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிணையாகப் பிடித்தார். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் கொடுமைக்குப் பிறகுதான் மாஸ்கோ பேச்சுக்கு வந்தது. பேச அனுப்பப்பட்டவர் மஸ்காதோவ். எதிர்ப்பக்கம் ஜெனரல் அனதோலி ரொமானோவ். இரண்டு பேருமே சோவியத் அதிகாரிகள், ஒரே மாதிரிப் பயிற்சி பெற்றவர்கள். ஜூலை 30 அன்று ராணுவ ஒப்பந்தம் கையெழுத்தானது. அக்டோபர் 6 அன்று கிரோஸ்னியில் ரொமானோவின் வண்டியைக் குறிவைத்துக் குண்டு வெடித்தது. அவர் உயிர் பிழைத்தார், ஆனால் மீண்டும் பேசவே இல்லை. பேச்சுவார்த்தையும் அதோடு செத்தது.

1996 ஏப்ரலில் துதாயெவ் கொல்லப்பட்டார். அவர் சாட்டிலைட் போனில் பேசிக்கொண்டிருந்தபோது அந்த இடத்துக்கு ஏவுகணை வந்தது. எல்லாம் முடிந்தது என்று மாஸ்கோ நினைத்தது.

ஆகஸ்ட் 6 காலை. எல்ட்சின் இரண்டாம் முறை பதவியேற்க மூன்று நாள் இருந்தது. சுமார் ஆயிரத்து ஐந்நூறு செச்சென் போராளிகள் கிரோஸ்னிக்குள் புகுந்தார்கள். நகரத்தில் இருந்த ரஷ்யப் படை அதைப்போல் பல மடங்கு. மஸ்காதோவின் திட்டம் எளிமையானது. முகாம்களைப் பிடிக்க உயிரை விட வேண்டாம். ஒரு முகாமுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் உள்ள சாலைகளைப் பிடித்தால் போதும். ஒவ்வொரு முகாமும் தனித்தனித் தீவாகிவிடும். வெளியிலிருந்து உதவிக்கு வரும் வரிசையை வழியில் மடக்கலாம். அப்படியே நடந்தது.

எல்ட்சின் அனுப்பிய ஜெனரல் அலெக்சாண்டர் லெபெட் வந்து பார்த்தார். இதற்கு மேல் போரிட்டுப் பயனில்லை என்று முடிவு செய்தார். 1996 ஆகஸ்ட் 31 அன்று தாகெஸ்தானின் காசவ்யூர்ட் ஊரில் லெபெடும் மஸ்காதோவும் கையெழுத்துப் போட்டார்கள். ரஷ்யப் படை வெளியேறும். செச்னியா தனி நாடா இல்லையா என்ற கேள்வியை 2001 கடைசி வரை தள்ளிப்போடலாம். இதுதான் சாராம்சம்.

1997 ஜனவரி 27 அன்று தேர்தல். சர்வதேசப் பார்வையாளர்கள் முன்னிலையில் நடந்தது. மஸ்காதோவுக்கு 59 சதவீதம் ஓட்டு, பசாயெவுக்கு 23 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். மக்கள் ஆவேசக்காரரை விட்டுவிட்டு நிதானக்காரரைத் தேர்ந்தெடுத்தார்கள். மே 12 அன்று கிரெம்ளினில் எல்ட்சினும் மஸ்காதோவும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எவ்வளவு நல்லா இருந்திருக்கும்!

கட்டளைக்குக் கட்டுப்படாத துப்பாக்கிகள்

அவர் கைக்கு வந்த நாட்டை ஒரு நிமிஷம் கற்பனை பண்ணிப் பாருங்க. தலைநகரம் இடிபாடு. தொழிற்சாலை இல்லை, வேலை இல்லை. வயல் ஓரமெல்லாம் கண்ணிவெடி. மாஸ்கோ தருவதாகச் சொன்ன பணம் ஒழுங்காக வரவில்லை. உலகத்தில் பெரிய நாடு எதுவும் அங்கீகரிக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு துப்பாக்கி. போரில் ஜெயித்த ஒவ்வொரு தளபதிக்கும் சொந்தப் படை. அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க அரசிடம் காசில்லை. அதனால் ஆள் கடத்தல் ஒரு தொழிலாகவே ஆனது.

தேர்தலுக்கு முந்தைய மாதமே நோவியே அதகி ஊர் மருத்துவமனையில் செஞ்சிலுவைச் சங்கப் பணியாளர்கள் 6 பேர் தூக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். 1998 அக்டோபரில் நடந்தது நம்மைப் போன்ற இன்ஜினியரிங் படிக்கிறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது. செச்னியாவுக்குத் தொலைபேசி வசதி போட்டுக் கொடுக்க வந்த டெலிகாம் இன்ஜினியர்கள் 4 பேர் கடத்தப்பட்டார்கள். 3 பேர் பிரிட்டன்காரர்கள், ஒருவர் நியூசிலாந்துக்காரர். டிசம்பரில் அவர்களின் தலைகள் மட்டும் சாலையோரத்தில் கிடைத்தன. அதற்குப் பிறகு அந்த நாட்டுக்கு உதவி செய்ய யார் வருவார்கள்?

மஸ்காதோவ் என்ன செய்தார்? எல்லாரையும் சேர்த்துக்கொள்ளப் பார்த்தார். தேர்தலில் தோற்ற பசாயெவைச் சில மாதங்கள் பிரதமர் பொறுப்பிலேயே உட்கார வைத்தார். பலிக்கவில்லை. அரபு நாடுகளிலிருந்து வந்த போராளிகளும் அவர்களோடு சேர்ந்த உள்ளூர் தீவிர மதவாதிகளும் தனி அதிகார மையமாக வளர்ந்தார்கள். 1998 ஜூலையில் குதெர்மெஸ் நகரத்தில் அவர்களுக்கும் அரசுப் படைக்கும் நேரடிச் சண்டை மூண்டது. அரசுப் படையின் கை ஓங்கியிருந்தது. அந்த நேரத்தில் சமரசக்காரர்கள் நடுவில் புகுந்தார்கள். மஸ்காதோவ் நின்றுவிட்டார். அதே மாதத்தில் அவருடைய வண்டியைக் குறிவைத்துக் கார் குண்டு வெடித்தது. உயிர் தப்பினார்.

செச்சென் ரத்தம் செச்சென் கையால் சிந்தக்கூடாது என்பது அவருடைய முடிவு. செச்சென் சமூகம் குலம் குலமாகப் பின்னியது. ஒரு கொலை நடந்தால் பழிவாங்கல் தலைமுறைகளுக்கு நீளும். உள்நாட்டுப் போர் வெடித்தால், மிச்சம் இருக்கும் நாடும் போய்விடும் என்று பயந்தார். பயம் நியாயமானதுதான். ஆனால் அவர் விட்டுக்கொடுத்த ஒவ்வொரு தடவையும் எதிர்த்தரப்பு ஓர் அடி முன்னால் வந்தது. 1999 பிப்ரவரியில் அவர்களைச் சமாளிக்க ஷரியா சட்டத்தை அறிவித்து, நாடாளுமன்றத்தின் அதிகாரத்தைத் தானே குறைத்தார். அவர்களோ போட்டிக்கு ஒரு சபை அமைத்து, பசாயெவைத் தலைவராக்கினார்கள்.

பீரங்கிக் கணக்கில் முதல் குண்டு தவறினால் கோணத்தைத் திருத்தலாம். இங்கே திருத்துவதற்கான நேரம் ஒவ்வொரு முறையும் அவர் கையை விட்டு நழுவியது.

கடைசி ஆறு வருஷம்

1999 ஆகஸ்டில் பசாயெவும் அரபுத் தளபதி கத்தாபும் ஆட்களோடு எல்லை தாண்டிப் பக்கத்து தாகெஸ்தானுக்குள் புகுந்தார்கள். மஸ்காதோவ் இதைக் கண்டித்தார், ஆனால் தடுக்கவோ தண்டிக்கவோ அவரால் முடியவில்லை. செப்டம்பரில் ரஷ்ய நகரங்களில் அடுக்குமாடி வீடுகள் குண்டுவெடிப்பில் சரிந்து முந்நூறு பேர் வரை இறந்தார்கள். மாஸ்கோ செச்னியாவைக் கைகாட்டியது. புதிதாக வந்த பிரதமர் விளாதிமிர் புதின் இரண்டாம் போரைத் தொடங்கினார். மஸ்காதோவின் ஆட்சியே செல்லாது என்று அறிவித்தார். முதல் போரில் கூட இருந்த தலைமை முஃப்தி அகமத் கதீரோவ் மாஸ்கோ பக்கம் போய்விட்டார்.

2000 பிப்ரவரியில் கிரோஸ்னி மறுபடி வீழ்ந்தது. ஜனாதிபதி மறுபடி கொரில்லாத் தலைவர் ஆனார். யாரால் இந்தப் போர் வந்ததோ, அந்தப் பசாயெவோடு சேர்ந்தே போரிட வேண்டிய நிலை. 2002 அக்டோபரில் மாஸ்கோ தியேட்டரில் பிணைக்கைதிகள். 2004 செப்டம்பரில் பெஸ்லான் பள்ளிக்கூடம். பெஸ்லானில் மட்டும் 334 பேர் இறந்தார்கள், அதில் 186 பேர் குழந்தைகள். மஸ்காதோவ் இரண்டையும் கண்டித்தார், தனக்குத் தொடர்பில்லை என்றார். அவரும் பொறுப்பாளி என்றது ரஷ்ய அரசு. சதியில் பங்கு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். தன் பெயரால் நடக்கும் போரில் தன் சொல் எடுபடவில்லை என்றால், அந்தத் தலைமைக்கு என்ன பொருள்? பெஸ்லான் குழந்தைகளின் பெற்றோருக்கு அவரால் சொல்லக்கூடிய பதில் எதுவும் இல்லை.

அவரையும் பசாயெவையும் பிடிக்கத் துப்பு கொடுத்தால் 30 கோடி ரூபிள் என்று ரஷ்யா அறிவித்தது. 2005 பிப்ரவரியில் அவர் ஒருதலைப்பட்சமாகப் போர்நிறுத்தம் அறிவித்து, பேச்சுக்குக் கூப்பிட்டார். பதில் இல்லை. மார்ச் 8 அன்று, கிரோஸ்னிக்கு வடக்கே டால்ஸ்டாய்-யூர்ட் கிராமத்தில், ஒரு வீட்டுக்கு அடியில் இருந்த பதுங்கு குழியில் கொல்லப்பட்டார். சரியாக எப்படி இறந்தார் என்பதில் வெவ்வேறு விவரிப்புகள் உண்டு. அந்த ஊருக்குப் பெயர் கொடுத்த எழுத்தாளர் லியோ டால்ஸ்டாயும் இளம் வயதில் ரஷ்யப் பீரங்கிப்படையில் சேர்ந்து இதே காக்கஸஸில் போரிட்டவர்தான்.

உடலைக் குடும்பத்திடம் கொடுக்கவில்லை. பயங்கரவாதிகள் என்று அரசு சொல்பவர்களின் உடலை ஒப்படைக்க வேண்டியதில்லை என்று ரஷ்யாவில் சட்டம் இருந்தது. குடும்பம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. உடலைக் கொடுக்க மறுத்தது குடும்பத்தின் உரிமையை மீறியது என்று 2013இல் தீர்ப்பு வந்தது. உடல் அப்போதும் வரவில்லை.

அவருக்குப் பின் என்ன நடந்தது என்றும் பார்த்துவிடுங்க. அடுத்து வந்தவர் 2006இல் கொல்லப்பட்டார். அதே வருஷம் பசாயெவும் போனார். 2007இல் தலைமைக்கு வந்திருந்த தோக்கு உமரோவ், மஸ்காதோவ் கட்டிக் காக்க நினைத்த குடியரசையே கலைத்துவிட்டு, காக்கஸஸ் எமிரேட் என்று அறிவித்தார். இந்தப் பக்கம், ரஷ்யாவின் ஆதரவோடு செச்னியாவை ஆள்வது அகமத் கதீரோவின் மகன். வாக்குப்பெட்டியில் மக்கள் கேட்ட நடுவழி இரண்டு பக்கமும் அடைபட்டுப் போனது.

1998 ஜூலையில், குதெர்மெஸில், அவர் நிற்காமல் அடித்திருக்க வேண்டுமா? அடித்திருந்தால் உள்நாட்டுப் போர், நிச்சயம் ரத்தம். அடிக்காததால் ஒரு வருஷத்தில் வெளியிலிருந்து போர், அதைவிட அதிக ரத்தம். முடிவு தெரிந்த நமக்கு இன்று பதில் சொல்வது சுலபம். அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நீங்க என்ன செய்திருப்பீங்க? கேன்டீனில் நாலு பேரோடு பேசிப் பாருங்க, ஒரு டீயில் முடியாது.